மூன்று வருஷத்து வீடு

"காலித் தட்டை எப்படி அக்கா திருப்பிக் கொடுப்பது? ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டாமா?"

என் அத்தை பெண் இப்படிக் கேட்டபோது, திருநெல்வேலியில் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்ததும்தான் நினைவு வந்தது. அங்கே தெரிந்தது தாமிரபரணி அல்ல. கிழக்குச் சீனக் கடல். நான் இருந்தது ஜப்பான் தேசத்தின் தென்கோடியில் உள்ள ஓகினாவாத் தீவில்.

அத்தை பெண் அங்கே ஒன்னா என்ற ஊரில் உள்ள விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஜாகை, அடுத்த ஊரான யோமித்தானில். "ஒரு தடவை வந்துதான் பாரேன்" என்று பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பையனை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் கண் விழித்து அழுவதற்குள் படியிறங்கிவிட வேண்டும் என்று விடியற்காலையில் திருட்டுத்தனமாகக் கிளம்பிப் போயிருந்தேன். பத்து நாள் பிரயாணம்தான். இருந்தாலும் அந்தத் திருட்டுத்தனம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

தட்டின் கதைக்கு வருகிறேன். முந்தின நாள் மாலை பக்கத்து வீட்டிலிருந்து அந்தத் தட்டு நிறைய பிஸ்கோத்து வந்திருந்தது. நட்சத்திரம், ஆமை, மீன் என்று விதவிதமான உருவங்கள். ஒவ்வொன்றின் மேலும் கோலம் போட்ட மாதிரி வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. "இவ்வளவு பொறுமை யாருக்கு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு அம்மாளுக்குத்தான். அமெரிக்க விமானப்படையில் ஸார்ஜண்ட்!" என்றாள் அத்தை பெண்.

அம்மா கொடுத்தனுப்பியிருந்த கைமுறுக்கில் ஏழெட்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, ஸார்ஜண்ட் அம்மாளைப் பார்க்கக் கிளம்பினோம்.

கம்பி வேலியும் கரும்பும்

போவதற்கு முன்னால், இந்தத் தீவில் அமெரிக்கக் குடும்பத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும்.

1945-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கத் துருப்புகள் இந்த யோமித்தான் பக்கத்துக் கடற்கரைகளில்தான் வந்து இறங்கின. ஏறக்குறைய மூன்று மாதம் நடந்த யுத்தத்தில் தீவுவாசிகளில் நாலில் ஒருவர் மாண்டுபோனதாகக் கணக்கு. யுத்தம் முடிந்தும் தீவு ஜப்பானிடம் திரும்பவில்லை. 1972 மே 15 வரை, இருபத்தேழு வருஷ காலம் அமெரிக்க நிர்வாகம்தான். 1958 முதல் கடைகளில் டாலர்தான் செலாவணி. தெருவில் வண்டிகள் கூட அமெரிக்க வழக்கப்படி வலப்பக்கமாகவே ஓடின. 1978 ஜூலை 30-ஆம் தேதிதான், ஒரே நாளில், ஊர் முழுவதும் இடப்பக்கத்துக்கு மாறியது!

கொடி மாறினாலும் ராணுவத் தளங்கள் போகவில்லை. ஜப்பானின் மொத்த நிலப்பரப்பில் ஓகினாவா 0.6 சதவிகிதம்தான். ஆனால் அந்தத் தேசத்தில் அமெரிக்கப் படைகளுக்கு மட்டுமே என ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவிகிதம் இங்கே இருக்கிறது. பிரதானத் தீவில் ஏறக்குறைய 15 சதவிகித இடம் கம்பி வேலிக்கு உள்ளே. "எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு" என்று இன்றும் ஊர்வலம் போகிறவர்கள் உண்டு. கடேனா விமானத் தளத்தின் இரைச்சலைப் பற்றி நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு. அதே தளத்தில் வேலை பார்த்துப் பிழைப்பவர்களும் உண்டு. சாலையின் ஒரு பக்கம் கம்பி வேலி, மறு பக்கம் கரும்புத் தோட்டம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படிதான் அந்த ஊர்.

யோமித்தானில் சுமார் 40,000 பேர் வசிக்கிறார்கள். ஆனாலும் பெயர் "கிராமம்"தான். ஜப்பானிலேயே ஜனத்தொகை மிகுந்த கிராமம் என்று பெருமை வேறு. தளத்துக்கு வெளியே வாடகைக்கு வீடு பிடிக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் பல இங்கே இருக்கின்றன. அவர்கள் காரை அடையாளம் காண்பது சுலபம். மற்ற வண்டிகளின் எண் பலகையில் ஜப்பானிய எழுத்து. இவர்களுடையதில் "ஒய்" என்ற ஆங்கில எழுத்து. ஊருக்குள் எங்கே போனாலும், "நாங்கள் வந்தவர்கள்" என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி!

350 டிகிரி

கதவைத் திறந்தவர் ஸார்ஜண்ட் அம்மாளின் கணவர். இடுப்பில் சமையல் ஏப்ரன்; தோளில் நாலு வயதுப் பையன். வீட்டுச் சமையல், துணி துவைப்பது, குழந்தைகளைப் பள்ளியில் கொண்டு விடுவது எல்லாம் அவர் இலாகா. "கேக் மட்டும் அவள் இலாகா. நான் தலையிட்டால் கோர்ட் மார்ஷல்!" என்று சிரித்தார்.

அம்மாள் அப்போதுதான் தளத்திலிருந்து திரும்பியிருந்தார். விமானங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் உத்தியோகம். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவான புள்ளிச் சீருடை, கனத்த பூட்ஸ். அதோடு நேரே சமையலறைக்குள் போய், கையைக் கழுவிக்கொண்டு வெண்ணெயை எடுத்து வைத்தார். "பகலெல்லாம் நட்டும் போல்ட்டும். சாயங்காலம் மாவைத் தொட்டால்தான் எனக்குக் கை சரியாகிறது" என்றார்.

முறுக்கை இரண்டு விரலால் தூக்கி, ஒரு யந்திர பாகத்தைச் சோதிப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்கு என்ன அச்சு?" என்று கேட்டார். அச்சே கிடையாது, கையால் சுற்றுவது என்று சொன்னதும் அவர் முகத்தில் தோன்றிய மரியாதையை என் அம்மா பார்த்திருக்க வேண்டும்!

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நடந்த ஒரு சங்கடத்தை அவரே சொன்னார். சாமான்களெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதற்குள் பையனின் பிறந்த நாள் வந்துவிட்டது. கேக்குக்கு மாவு அளக்க, கடையில் ஒரு ஜப்பானிய அளவுக் கோப்பை வாங்கினார். அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லி. ஜப்பானியக் கோப்பை 200 மில்லி. அரிசி அளக்கும் கோப்பையோ 180 மில்லிதான். அது நம் ஆழாக்குக்குச் சற்றே பெரிது. மாவும் சர்க்கரையும் குறைந்தன. முட்டை மட்டும் குறையவில்லை. கலவை தோசை மாவாகிவிட்டது. அதோடு போயிற்றா? பாட்டி எழுதிக் கொடுத்த குறிப்பில் "350 டிகிரி" என்று இருந்தது. மேஜை மேல் வைக்கும் ஜப்பானியக் கேக் அடுப்பில் உள்ள கடைசி எண் 250. "கிட்டத்தட்ட இருக்கட்டும்" என்று கடைசி வரை திருகிவிட்டார். பாட்டியின் 350 பாரன்ஹீட் கணக்கு. செல்ஸியஸில் அது சுமார் 177 தான். கால் மணியில் கேக்கின் மேல்புறம் கரி; உள்ளே கூழ்.

"விமானத்தில் இப்படி அளவு தப்பினால் என்னைத் தளத்தை விட்டே துரத்திவிடுவார்கள். என் பையன் நல்லவன். மெழுகுவத்தியை ஊதிவிட்டு, கரியை உரித்துச் சாப்பிட்டான்" என்றார்.

இப்போது அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் பாரன்ஹீட்டுக்கு நேரே செல்ஸியஸ், கோப்பைக்கு நேரே கிராம். எழுத்தெல்லாம் அவருடைய மகளுடையது.

ஓகினாவாவின் ஈரக் காற்று கேக் சுடுகிறவர்களுக்குப் பரம விரோதி. மாவு கட்டி தட்டும். மொறுமொறுவென்று எடுத்த பிஸ்கோத்து மறு நாள் ரொட்டியாகிவிடும். சர்க்கரைப் பூச்சு உலரவே உலராது. அதனால் வீட்டில் ஈரத்தை உறிஞ்சும் யந்திரம் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. முக்கியமான பிஸ்கோத்துகளை அதன் முன்னால் வரிசையாக உட்கார வைத்துவிடுகிறார்!

எந்த ஊர்?

கூடத்தில் ஒரு மூலையில் தையல் மிஷின். பக்கத்தில் பாதி முடிந்த ஒட்டுத்துணிப் போர்வை. நம் பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பார்களே, அதற்கு அக்காள் என்று சொல்லலாம். அம்மாளின் சொந்த மாகாணமான கென்டக்கியில் இந்தக் கைவேலை பரம்பரைச் சொத்து. இந்தப் போர்வையில் ஒவ்வொரு சதுரமும் ஒரு ஊர். ஜெர்மனியில் வாங்கிய பூப்போட்ட துணி. டெக்ஸஸில் மகள் போட்டுக் கிழித்த கவுன். தாம் உடுத்திப் பழசான சீருடையின் ஒரு துண்டு. ஓகினாவாவுக்கு ஒரு பிங்கதாத் துணி.

பிங்கதா என்பது அச்சுத்தாளை வெட்டி, பசை தடவிச் சாயம் ஏற்றும் இந்தத் தீவின் பழைய கலை. மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். யுத்தத்தில் எல்லாம் அழிந்த பிறகு சிரோமா எய்க்கி என்ற கலைஞர் இதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். அச்சு வெட்ட, படைகள் எறிந்துவிட்டுப் போன வரைபடக் காகிதம். பசை பிழியும் குழாயின் மூக்குக்குத் துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் குப்பி. சாயத்துக்கு உதட்டுச் சாயம்! கண்ணாடி வேலைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தளங்களிலிருந்து வந்த கோக்கோ கோலா பாட்டில்களையும் பீர் பாட்டில்களையும் உருக்கி வண்ணக் கிண்ணங்கள் ஊதினார்கள். இன்று "ரியூக்கியூக் கண்ணாடி" என்று உல்லாசப் பிரயாணிகள் விலை கொடுத்து வாங்குவது அந்த வழி வந்ததுதான். யோமித்தானில் ஒரு குயவர் குடியிருப்பும் உண்டு. ராணுவத்திடமிருந்து திரும்பி வந்த நிலத்தில் சூளைகள் எழுப்பியிருக்கிறார்கள்.

போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். எட்டு வயது. ஜெர்மனியில் பிறந்தவள். நம் வழக்கப்படி, "உனக்கு எந்த ஊர், அம்மா?" என்று கேட்டேன்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர் என்றால்? பிறந்த ஊரா, பாட்டி ஊரா, இப்போது இருக்கிற ஊரா?" என்று திருப்பிக் கேட்டாள்.

நான் பதில் தெரியாமல் விழித்தேன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்தத் தீவில் வழக்கமான தவணை மூன்று வருஷம். பிறகு பெட்டி கட்ட வேண்டியதுதான். அமெரிக்க ராணுவக் குழந்தைகள் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் சராசரியாக ஆறு முதல் ஒன்பது தடவை ஊர் மாறுகிறார்களாம். ஏப்ரல் மாதத்தை 1986 முதல் இந்தக் குழந்தைகளுக்கென்றே அங்கே கொண்டாடி வருகிறார்கள். அவர்களுக்கு அடையாளமாகச் சொல்லும் பூ டாண்டிலியன். நம் ஊரில் எருக்கம்பஞ்சு பறந்தால் "தாத்தாப் பூச்சி" என்று குழந்தைகள் துரத்துமே, அது போல இதன் விதையும் காற்றில் பறக்கும். விழுந்த இடத்தில் வேர் விடும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தில் அன்று அழகான சமாசாரம் எதுவும் இல்லை. தாயார் கூப்பிட்டால் பதில் இல்லை. பிஸ்கோத்து கொடுத்தால் தொடவில்லை. அத்தை பெண் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் அந்த அம்மாள் வேறு தேசத்துக்குப் போகிறார். ஆறு மாதம். எங்கே என்று சொல்ல அனுமதியில்லை. குழந்தையின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு இங்கே இருக்க மாட்டார். அதனால் நாளை மறுநாளே கேக் வெட்டப் போகிறார்கள். நம்மையும் கூப்பிட்டிருக்கிறார்."

புயல்

கேக் நாளன்று புயல் வந்தது.

ஓகினாவாவில் புயல் வருவது, நம் ஊரில் மாமியார் வருவது மாதிரி. வருகிறது என்று முன்கூட்டியே தெரியும், தடுக்க முடியாது. தளத்தில் புயலுக்கு நிலை எண் போட்டு எச்சரிக்கிறார்கள். எண் குறையக் குறைய ஆபத்து நெருங்குகிறது என்று அர்த்தம். விமானங்களை முன்னதாகவே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு யாரும் வெளியே நடமாடக் கூடாது. வீடுகளெல்லாம் கான்கிரீட், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

காற்று கிளம்பும் முன்பே எங்கள் இருவரையும் தம் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார் அம்மாள். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் ஒபாவையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "ஒபா" என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பாட்டி. யுத்தம் வந்தபோது ஏழு வயதாம். கூன் விழுந்த உடம்பு. கண்களில் மட்டும் குறும்பு. கையில் துணி சுற்றிய ஒரு கட்டி. பிரித்தால், கருஞ்சர்க்கரை! கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கியது. ஒரு துண்டை வாயில் போட்டேன். சந்தேகமே இல்லை, நம் வெல்லமேதான். கடல் கடந்து வந்து வெல்லத்தின் ருசியில் ஊர் நினைவு வந்து கண் கலங்கினேன் என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடாது.

மூன்று மணிக்குக் கேக் அடுப்பில் ஏறியது. மூன்றே கால் மணிக்கு மின்சாரம் நின்றது.

இருட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. வெளியே காற்று ஊளையிட்டது. அம்மாள் அடுப்பின் கதவைத் திறந்து பார்த்தார். நடுப்பகுதி கூழாக நின்றது. விமானத்தையே பழுது பார்க்கும் அந்த ஸ்திரீ, கேக் தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

ஒபா எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. மாவு, முட்டை, வெல்லப்பொடி, சோடா மாவு எல்லாவற்றையும் கண் மதிப்பாகப் போட்டுப் பிசைந்தார். எரிவாயு அடுப்புக்கு மின்சாரம் வேண்டாமே! எண்ணெய்ச் சட்டியை வைத்து, மாவைக் கையால் கிள்ளிக் கிள்ளி, நாம் போண்டா போடுகிற மாதிரியே போட்டார். அடுப்பு நிதானமாக எரிய வேண்டும், அவசரம் கூடாது. உருண்டைகள் மெல்ல உருண்டு, ஒரு பக்கம் வெடித்துப் பூவாக விரிந்தன. "சிரிக்கிறது பார்" என்றார் ஒபா. அந்தப் பலகாரத்துக்கு "சாத்தா அண்டாகி" என்று பெயர். சர்க்கரை போட்டு எண்ணெயில் பொரித்தது என்று பொருள். கல்யாண வீடுகளில் அவசியம் உண்டாம். ஒபா அவற்றைத் தட்டில் கோபுரமாக அடுக்கினார். உச்சியில் ஒரு மெழுகுவத்தி.

காகிதச் சங்கிலி

மெழுகுவத்தியை ஊதிய பிறகு, அம்மாள் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே வண்ணக் காகிதப் பட்டைகள், கோந்து. நம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வளையம் வளையமாக ஒட்டித் தொங்கவிடுவோமே, அதே சங்கிலி. தாயோ தகப்பனோ வெளியே போகும்போது இந்தக் குடும்பங்கள் பலவற்றில் இது ஒரு வழக்கம். எத்தனை நாளோ அத்தனை வளையம். தினம் ஒன்றைக் குழந்தை கிழிக்கும். கடைசி வளையம் தீரும் நாளில் அம்மா வந்துவிடுவாள்.

"நூற்றெண்பது வளையம் செய்யலாமா?" என்று கேட்டார் அம்மாள்.

"வேண்டாம்" என்றாள் மகள். "சங்கிலி பொய் சொல்லும். போன தடவை கடைசி வளையத்தைக் கிழித்தேன். நீ வரவில்லை. அப்புறம் பத்தொன்பது நாள் சுவரில் ஒன்றுமே இல்லை."

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் அவரைக் கையமர்த்தினார்.

"நிஜம்தான்" என்றார். "நான் நாள் சொன்னேன். அந்த நாளில் வர முடியவில்லை. இந்தத் தடவையும் எனக்குத் தெரியாது. நூற்றெண்பது என்று சொல்கிறார்கள். கூடலாம், குறையலாம். என்றைக்கு வருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தும், நான் என் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடி வந்தவள். இங்கே ஒரு தாய், தெரியாததைத் தெரியாது என்று எட்டு வயதுக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள்.

ஒபாவுக்கு விஷயத்தை அத்தை பெண் ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொன்னாள். கிழவி தலையாட்டினார். பிறகு தம் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். யுத்தத்துக்குப் பிறகு தீவு ஜனங்களை முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். வீடு இல்லை, எப்போது திரும்பலாம் என்று சொல்வாரும் இல்லை. அங்கே அவருடைய தகப்பனார், படைகள் எறிந்த ஒரு காலித் தகர டப்பாவை எடுத்தார். ராணுவக் கட்டிலின் கட்டை ஒன்று, பாராசூட்டின் நூல் மூன்று. மூன்று தந்தி வாத்தியம் ஒன்று செய்துவிட்டார். "கங்கரா சன்ஷின்" என்று அதற்குப் பெயர். அந்த நாளில் முகாம்களில் பலர் செய்தார்களாம்.

"எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று அப்பா எண்ணவே இல்லை. தினம் ஒரு பாட்டு கற்றுக்கொடுத்தார். வெளியே வந்தபோது எனக்கு நிறையப் பாட்டு தெரிந்திருந்தது" என்றார் ஒபா.

குழந்தை ஒரு காகிதப் பட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நாங்கள் அண்டாகியில் பாதியைத் தீர்த்துவிட்டோம். திடீரென்று, "அப்படியானால் கிழிக்க வேண்டாம். ஒட்டலாம்" என்றாள்.

"என்ன?"

"தினம் ஒன்று ஒட்டுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உள்பக்கம் எழுதி ஒட்டுகிறேன். நீ என்றைக்கு வந்தாலும் பரவாயில்லை. வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படி."

அம்மாள் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்போது கட்டிக்கொண்டால் இருவருமே உடைந்துபோவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சிவப்புப் பட்டை நிறைய இல்லை. நாளை வாங்கி வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு குகைகள்

மறுநாள் புயல் ஓய்ந்த பிறகு, அத்தை பெண் என்னை ஊருக்கு வெளியே அழைத்துப் போனாள். யோமித்தானில் இரண்டு குகைகள் இருக்கின்றன. 1945-இல் துருப்புகள் வந்து இறங்கியபோது கிராமத்தார் அவற்றில் ஒளிந்துகொண்டார்கள். "அமெரிக்கர்கள் கையில் சிக்கினால் சித்திரவதை" என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. சிபிச்சிரி என்ற குகையில் இருந்த சுமார் 140 பேரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள், சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று குடும்பம் குடும்பமாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தாய்மார்கள், குழந்தைகள் உட்பட.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஷிமுக்கு என்ற குகை. அதில் சுமார் ஆயிரம் பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அங்கே ஹவாய்த் தீவில் பிழைக்கப் போய்த் திரும்பிய இரண்டு பேர் இருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள். "அமெரிக்கர்கள் நிராயுதபாணிகளைக் கொல்ல மாட்டார்கள்" என்று ஜனங்களைத் தேற்றி, வெளியே போய்ப் பேசி, எல்லோரையும் உயிரோடு அழைத்து வந்தார்கள்.

அந்த இரண்டு பேருக்கும் எதிராளியைத் தெரிந்திருந்தது. பக்கத்தில் வாழ்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலியும் விமானமும் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அதை அந்த ஊர்க்காரர்கள் பேசட்டும், பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வேலிக்கு வெளியே, ஒரு தெருவில், ஒரு தட்டு போய் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க வீட்டுப் பிஸ்கோத்து எதிர் வீட்டுக்குப் போகிறது. அது வெல்லமாகத் திரும்பி வருகிறது. மூன்று வருஷத்தில் அந்தக் குடும்பம் போய்விடும். ஆனால் அந்தப் பெண் எந்த ஊரில் வளர்ந்தாலும், ஓகினாவா என்றதும் அவளுக்குத் தேசப்படம் நினைவு வராது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும் ஒபாவின் முகம்தான் நினைவு வரும்.

அன்று மாலை ஊருக்கு டெலிபோன் செய்தேன். பையன் முதலில் பேச மறுத்தான். "உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்புத்தான். நீ அழுவாய் என்று பயந்துவிட்டேன்" என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு, "சொல்லியிருந்தால் கொஞ்சம்தான் அழுதிருப்பேன்" என்றான்.

ஏழு மாதம் கழித்து அத்தை பெண்ணிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பக்கத்து வீட்டுக் கூடம். சங்கிலி சமையலறையில் ஆரம்பித்து, ஜன்னலைச் சுற்றி, மாடிப்படிக் கைப்பிடியில் ஏறிப் போயிருக்கிறது. கீழ்ப்படியில் ஸார்ஜண்ட் அம்மாள், இன்னும் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள். முதல் வளையத்தைப் பிரித்து அவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

வளையம் இருநூற்று மூன்று என்று அத்தை பெண் எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: "அக்கா, அந்த அம்மாள் முறுக்குச் சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அத்தையிடம் செய்முறை கேட்டு அனுப்பு. அளவை மறக்காமல் கிராமில் எழுது!"